2017 மைனர் கோப்பை: கிளிஃபர்டின் வெற்றியா, கெர்ரியின் வெற்றியா?

கேள்வி இரண்டு பகுதிகளாகக் கேட்கப்பட்டிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் அகில அயர்லாந்து மைனர் (சிறுவர்) கேலிக் கால்பந்துத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் டேவிட் கிளிஃபர்ட் என்ற ஒரே பெயரையே சொல்கிறார்களே, கெர்ரி அந்தக் கோப்பையை வென்றது அவர் ஒருவரால்தானா என்பது முதற்பகுதி. மைனர் கோப்பை இன்றும் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருக்கும்போது, அந்த ஆண்டுத் தொடரைச் சிலர் கடைசித் தொடர் என்று குறிப்பிடுவது ஏன் என்பது இரண்டாவது பகுதி. இரண்டும் வெவ்வேறு கேள்விகள் போலத் தெரிந்தாலும் இரண்டையும் இணைத்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வயது வரம்பைக் கணக்கிட எடுத்துக்கொள்ளப்படும் ஜனவரி 1 என்ற தேதி இரண்டிலும் வந்து நிற்கிறது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக முதலில் சில அடிப்படைகள். கேலிக் கால்பந்தில் ஓர் அணிக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், கையால் குத்தித் தோழருக்குக் கொடுக்கலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிகளுக்கு மேல் ஓடக் கூடாது. அதற்குள் தரையில் ஒருமுறை தட்டி எழுப்ப வேண்டும், அல்லது ஓடுகிற ஓட்டத்திலேயே காலால் எற்றித் திரும்பக் கைக்குக் கொண்டுவர வேண்டும். தரையில் தட்டுவதை அடுத்தடுத்து இரண்டு முறை செய்ய அனுமதி இல்லை. கோல் கம்பங்கள் ரக்பியில் இருப்பவை போல உயர்ந்து நிற்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் பந்து போனால் கோல், அதன் மதிப்பு 3 புள்ளி. மேலே இரு கம்பங்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி. கம்பங்களின் அருகே வெள்ளை அங்கி அணிந்து நிற்கும் துணை நடுவர்கள் கோலுக்குப் பச்சைக் கொடியும் புள்ளிக்கு வெள்ளைக் கொடியும் உயர்த்துவார்கள். ஆகவே 6-17 என்று எழுதப்பட்டிருந்தால் 6 கோல், 17 புள்ளி, மொத்தம் 35 என்று படிக்க வேண்டும். (40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் 2 புள்ளி என்ற விதி 2025-இல்தான் வந்தது, இங்கே பேசப்படும் ஆண்டில் அது கிடையாது.)

இந்த ஆட்டத்தை நடத்துவது 1884-இல் தொடங்கப்பட்ட கேலிக் தடகளச் சங்கம், அதாவது ஜி.ஏ.ஏ. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. பிறந்து வளர்ந்த ஊரின் கிளப்புக்கும், அதன் வழியாகத் தன் கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற பகுதி) ஆடுவதே வழக்கம். விலை கொடுத்து ஆட்டக்காரரை வாங்குவது என்ற பேச்சுக்கே இடம் இல்லை. எல்லைக்கோடு அரசியலில்தான், வட அயர்லாந்தில் உள்ள டெர்ரியும் தென்மேற்கு மூலையில் உள்ள கெர்ரியும் ஒரே தொடரில் ஆடுகின்றன. சிறுவர்களுக்கான மைனர் கோப்பை 1929-இல் தொடங்கியது. முதல் ஆண்டில் வென்றது கிளேர். வெற்றிபெறும் அணிக்குத் தரப்படும் கோப்பைக்கு, மைனர் தொடர் உருவாகக் காரணமாக இருந்த கிளேர்க்காரர் டாம் மார்க்கமின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அன்றிலிருந்து 2017 வரை மைனர் என்றால் 18 வயதுக்கு உட்பட்டோர். அந்த ஆண்டு ஜனவரி 1-க்கு முன்னால் 18 வயது நிரம்பாதவராக இருந்தால் போதும். மறுநாளே 18 முடிந்தாலும் ஆண்டு முழுவதும் ஆடலாம். இந்த நுணுக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2017-இல் தொடர் நடந்த முறை எளிமையானது. மன்ஸ்டர், லென்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட் ஆகிய நான்கு மாகாணங்களும் தனித்தனியே தொடர் நடத்தின. ஒவ்வொன்றிலும் வென்ற அணியும் இறுதியில் தோற்ற அணியும் அகில அயர்லாந்துக் காலிறுதிக்கு வந்தன. கெர்ரி மன்ஸ்டர் இறுதியில் கிளேரைத் தோற்கடித்தது. காலிறுதியில் லவுத்தையும் அரையிறுதியில் கேவனையும் கடந்தது. டெர்ரியின் பாதைதான் உண்மையில் கடினமானது. மற்ற மாகாணங்களில் ஓரிரு வலுவான கவுண்டிகளே இருக்க, அல்ஸ்டரில் யார் வேண்டுமானாலும் யாரையும் வீழ்த்தலாம். அங்கே இறுதியில் கேவனை வென்று, பிறகு ஸ்லைகோவையும் அரையிறுதியில் டப்ளினையும் வென்று டெர்ரி வந்தது. ஆட்களும் பணமும் மற்ற எந்தக் கவுண்டியையும் விட அதிகமாக உள்ள டப்ளினைச் சிறுவர் மட்டத்தில் வெளியேற்றுவது சாதாரணக் காரியம் அன்று. எனவே இறுதி ஆட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு டெர்ரியை வலுவற்ற அணி என்று எண்ணிவிடக் கூடாது.

இறுதி ஆட்டம் 2017 செப்டம்பர் 17 அன்று டப்ளினின் குரோக் பார்க் அரங்கில் நடந்தது. அன்றைய நாளின் பெரிய ஆட்டம் டப்ளினுக்கும் மேயோவுக்கும் இடையிலான சீனியர் இறுதி. அதற்கு 82,300 பேர் வந்திருந்தார்கள். மைனர் இறுதி அதற்கு முன்னால் அதே புல்தரையில் ஆடப்பட்டது. ஆக, கெர்ரிச் சிறுவர்களும் டெர்ரிச் சிறுவர்களும் ஆடியது பெரும்பாலும் வேறு இரண்டு கவுண்டிகளின் ரசிகர்கள் வந்து அமர்ந்துகொண்டிருந்த அரங்கில். ஆட்டம் பாதிக்கு 30 நிமிடமாக ஒரு மணி நேரம். முடிவு: கெர்ரி 6-17, டெர்ரி 1-8. 24 புள்ளி வித்தியாசம். கெர்ரி அணித்தலைவரான கிளிஃபர்ட் தனியாக அடித்தது 4-4, அதாவது 16. டெர்ரியின் 15 பேரும் மாற்று ஆட்டக்காரர்களும் சேர்ந்து எடுத்தது 11.

கிளிஃபர்ட் ஆடிய இடம் முழு முன்னணி, கோலுக்கு மிக அருகில் நிற்கும் இடம். அங்கே நிற்பவருக்கு வேலை பந்து வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தடுப்பவர் எப்போதும் உடலை ஒட்டியே நிற்பார். நடுக்களத்திலிருந்து தோழர் பந்தை உயர்த்தி அனுப்பும் நொடியில் ஒரு பக்கம் போவதாகக் காட்டி மறுபக்கம் இரண்டடி நகர வேண்டும், தலைக்கு மேலே இரு கைகளாலும் பந்தைப் பிடிக்க வேண்டும், தரையில் கால் ஊன்றும்போதே எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். நான்கு காலடிதான் கையிருப்பு. கிளிஃபர்ட் இடதுகாலர், இடதுகாலருக்கு எதிராக நிற்கும் தடுப்பாளர் அந்தக் காலை மூடவே முயல்வார். ஆனால் ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற உடற்கட்டும் உள்ளவர் தோளைக் கொடுத்து அரைவட்டமாகத் திரும்பினால் அந்த மூடல் நிற்காது. அங்கிருந்து குறுக்குக் கம்பிக்கு மேலே தட்டி ஒரு புள்ளி எடுப்பதே பாதுகாப்பான வழி. பெரும்பாலான சிறுவர்கள் அதைத்தான் செய்வார்கள். இவர் அன்று வலையைத் தேடியே போனார். ஒரே ஆட்டத்தில் ஒரே ஆள் நான்கு கோல் அடிப்பது குரோக் பார்க்கில் எந்த வயது மட்டத்திலும் அபூர்வம், அதுவும் இறுதி ஆட்டத்தில்.

அப்படியென்றால் கோப்பை அவர் ஒருவருடையதுதானா? வெறும் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அவருடைய 16-ஐக் கழித்தால் கெர்ரிக்கு 19 மிஞ்சுகிறது, டெர்ரிக்கு 11. அவர் இல்லாமலும் கெர்ரி வென்றிருக்கும் என்று இதைக் கொண்டு சாதிப்பவர்கள் உண்டு. நான் அந்த வாதத்தைப் பாதிதான் ஏற்கிறேன். அவர் ஒருவருக்காக எதிரணி இரண்டு தடுப்பாளர்களை ஒதுக்கினால் வேறு யாரோ ஒருவர் தடையின்றி நிற்பார். அந்த மற்றவர்கள் எடுத்த 19-இலும் அவருடைய பங்கு மறைந்திருக்கிறது. ஆனால் இந்த வாதத்தை எதிர்ப்பக்கமாகவும் திருப்பலாம். நடுக்களத்தை வென்று, பந்தைத் துல்லியமாக அனுப்பத் தெரிந்தவர்கள் பின்னால் இல்லாவிட்டால் முழு முன்னணியில் நிற்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அறுபது நிமிடமும் காத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

ஓர் ஆட்டத்தை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. சுற்றியுள்ள ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 1994-க்குப் பிறகு கெர்ரிக்கு இருபது ஆண்டுகள் மைனர் கோப்பை கிடைக்கவில்லை. சீனியர் பட்டங்களை எண்ணிக்கையில் யாரும் நெருங்க முடியாத கவுண்டிக்கு அது பெரிய குறை. 2014-இல் அந்த வறட்சி நீங்கியது. அதன் பிறகு 2018 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கோப்பை அங்கேயே இருந்தது. அதற்கு முன் எந்தக் கவுண்டியும் மூன்றுக்கு மேல் தொடர்ந்து வென்றதில்லை. இந்த ஐந்தில் கிளிஃபர்ட் ஆடியது 2016, 2017 ஆகிய இரண்டில் மட்டுமே. மைனர் அணி என்பது ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ பாதி கலைந்துபோகும் அணி. வயது முடிந்தவர்கள் போய்விடுவார்கள், அடுத்த வகுப்பு வரும். 2015-இல் தலைவர் மார்க் ஓ'கானர், 2016-இல் ஷான் ஓ'ஷே, 2017-இல் கிளிஃபர்ட் என்று தலைவர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஐந்து வெவ்வேறு அணிகள் வென்றிருக்கின்றன என்றால் காரணத்தை ஆட்களில் மட்டும் தேடக் கூடாது.

காரணங்களில் இரண்டை உறுதியாகச் சொல்லலாம். ஒன்று பள்ளிகள். அகில அயர்லாந்துப் பள்ளிகளுக்கான ஹோகன் கோப்பையை 2014-இலும் 2015-இலும் டிங்கிளில் உள்ள கெர்ரிப் பள்ளி வென்றது. 2016-இல் கில்லார்னியின் செயின்ட் பிரெண்டன்ஸ் வென்றது. கிளிஃபர்ட் படித்தது அந்தச் செயின்ட் பிரெண்டன்ஸில்தான். குளிர்காலம் முழுவதும் பள்ளிக்காக ஒன்றாக ஆடிப் பழகிய சிறுவர்கள் வசந்தத்தில் கவுண்டிக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது காரணம் பயிற்சியாளர்கள். 2014, 2015 ஆண்டுகளில் கெர்ரி மைனர்களை நடத்தியவர் ஜாக் ஓ'கானர். 2004, 2006, 2009 ஆகிய ஆண்டுகளில் சீனியர் அணிக்கு அகில அயர்லாந்துப் பட்டம் பெற்றுத் தந்தவர் அவர். பட்டம் வென்ற சீனியர் மேலாளரைச் சிறுவர்களிடம் அனுப்புவது வழக்கமாக எந்தக் கவுண்டியும் செய்யாத காரியம். அவருக்குப் பின் 2016 முதல் 2018 வரை பீட்டர் கீன் பொறுப்பேற்று மூன்று ஆண்டும் வென்றார். கிளிஃபர்டின் சொந்தக் கிளப்பான ஃபோசாவோ கில்லார்னிக்குப் பக்கத்திலுள்ள சின்ன ஊரின் கிளப். பெரியவர்களுக்கான கீழ்மட்டப் பிரிவான ஜூனியர் தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த ஒரு சிறுவனைப் பள்ளியும் கவுண்டியும் சேர்ந்து எடுத்துக்கொண்டு வளர்த்தன என்பதே சரியான சித்திரம்.

இப்போது ஜனவரி 1-க்கு வருவோம். கிளிஃபர்ட் பிறந்தது 1999 ஜனவரி 22. 2017 மைனருக்குத் தகுதி 1999 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு. அதாவது 22 நாள் முன்னால் பிறந்திருந்தால் அந்த ஆண்டு அவர் ஆடியிருக்கவே முடியாது. இறுதி ஆட்டத்தன்று அவருக்கு 18 வயதும் ஏறத்தாழ எட்டு மாதமும்; அதே ஆண்டு டிசம்பரில் பிறந்து அதே தொடரில் ஆடிய ஒருவருக்கு 17 வயதும் ஒன்பது மாதமும்தான். அந்த வயதில் ஓராண்டு என்பது தோள்வலிமையிலும் எலும்பின் உறுதியிலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். சிறுவர் விளையாட்டுகளில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே தேர்வில் அதிகமாக இடம்பிடிப்பதை ஆய்வாளர்கள் பல நாடுகளில், பல ஆட்டங்களில் பார்த்திருக்கிறார்கள். கிளிஃபர்டின் 4-4-ஐ இதைக் கொண்டு குறைத்துப் பேச நான் வரவில்லை. 2018 ஜனவரியிலேயே சீனியர் அணிக்குள் நுழைந்து, அந்த ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதையும், பின்னர் 2022, 2023, 2025 ஆண்டுகளில் ஒட்டுமொத்தச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றவரை வயதின் சலுகையால் ஒளிர்ந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 2017 மைனர் தொடரில் அவர் அவ்வளவு எட்டாத உயரத்தில் தெரிந்ததற்கு நாட்காட்டியும் ஒரு காரணம்.

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. 2016 பிப்ரவரியில் நடந்த ஜி.ஏ.ஏ. மாநாட்டில், 2018 முதல் மைனர் என்பது 17 வயதுக்கு உட்பட்டோர் என்றும், அடுத்த மட்டமான 21 வயதுக்கு உட்பட்டோர் தொடர் 20 ஆகக் குறைக்கப்படும் என்றும் முடிவாயிற்று. மைனர் கோப்பை நிற்கவில்லை. 18 வயதுக்கு உட்பட்டோருக்கான மைனர் கோப்பையின் கடைசி ஆண்டுதான் 2017. இந்த மாற்றம் ஓராண்டு முன்னதாக வந்திருந்தால் கிளிஃபர்டுக்கு 2016-உடன் மைனர் முடிந்திருக்கும்; நாம் பேசிக்கொண்டிருக்கும் இறுதி ஆட்டமே வேறு விதமாக இருந்திருக்கும்.

மாற்றத்துக்கான காரணங்கள் நியாயமானவை. 18 வயதுக்காரர் ஒருவர் தம் பள்ளிக்கும், கிளப்பின் சிறுவர் அணிக்கும், கிளப்பின் பெரியவர் அணிக்கும், கவுண்டி மைனருக்கும், திறமை மிகுந்தால் 21 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கும் ஒரே ஆண்டில் ஆட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பயிற்சியாளரும் தமக்கு அவர் தேவை என்பார். ஓய்வு தேவை என்று சொல்ல யாரும் இல்லை. அதோடு ஜூன் மாதத்தில் பள்ளியிறுதித் தேர்வான லீவிங் சர்ட். எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பு என்பதை அந்த மதிப்பெண்கள்தான் முடிவு செய்யும். மாகாணத் தொடர்கள் அதே வாரங்களில்தான் வந்து விழும். 17 வயதுக்குக் குறைத்தால் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் தேர்வெழுதும் ஆண்டுக்கு முந்தைய வகுப்பில் இருப்பார்கள் என்பதே எண்ணம்.

இந்த மாற்றத்தால் ஒரு வகுப்புச் சிறுவர்கள் இடையில் சிக்கினார்கள். 2000-இல் பிறந்தவர்களுக்கு 2018-இல் 17 கடந்துவிடும். ஆகவே பழைய முறையில் தங்களுக்குரிய இரண்டாவது மைனர் ஆண்டை அவர்கள் இழந்தார்கள். அதை ஈடுகட்ட 2017-இல் மட்டும் 17 வயதுக்கு உட்பட்டோருக்கென்று தனியாக ஓர் அகில அயர்லாந்துத் தொடர் நடத்தப்பட்டது, டிரோன் வென்றது. அந்தத் தொடரை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. அடுத்த ஆண்டு அந்த வயதே மைனர் ஆகிவிட்டதால், அந்தச் சிறுவர்களின் பதக்கம் வரலாற்றில் தனியாக ஒதுங்கி நிற்கிறது.

நியாயமான காரணம் என்றேன். இழப்பே இல்லை என்று சொல்லவில்லை. கிளப்புகளும் இதே வரம்பைப் பின்பற்ற வேண்டிவந்தபோது, 18 வயதுக்காரர் சிறுவர் அணியிலும் சேர முடியாமல் பெரியவர் அணியில் இடமும் கிடைக்காமல் ஆட்டத்தை விட்டே போய்விடுகிறார் என்று கிளப் நிர்வாகிகள் தொடர்ந்து முறையிட்டார்கள். இன்னொன்று, என்னளவில் பெரிய இழப்பு, குரோக் பார்க். 2022-இல் மைனர் இறுதி ஆட்டம் ராஸ்காமனில் நடந்தது. 2023-இல் அர்மாவில், 2024-இல் ஓமாவில். நெருங்கிய கவுண்டிகள் மோதும்போது உள்ளூர் அரங்கு நிரம்பி வழிகிறது, அதில் ஓர் உயிர்ப்பு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். இருந்தாலும் மைனர் ஆடிய பெரும்பாலோர் அதற்குப் பிறகு கவுண்டி நிறத்தில் பெரிய மேடை ஏறுவதே இல்லை. சீனியர் இறுதி நாளில் அந்தப் புல்தரையில் கால்வைக்கும் ஒரே வாய்ப்பு அவர்களுக்கு 17, 18 வயதில்தான் இருந்தது. சுமையைக் குறைக்க வயதைக் குறைத்தது சரி. அந்த நாளையும் எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மைனர் கோப்பை எதிர்காலத்தைக் காட்டுமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் 2017-ஐப் பற்றிப் பேசும்போது அது வந்துவிடுகிறது. தனி ஆட்களைப் பார்த்தால் ஓரளவு காட்டுகிறது. கிளிஃபர்டும் ஷான் ஓ'ஷேயும் 2022-இல் கெர்ரி சீனியர் பட்டம் வென்றபோது அணியின் தூண்கள். அப்போதைய மேலாளர் அதே ஜாக் ஓ'கானர். 2015 தலைவரான மார்க் ஓ'கானர் ஆஸ்திரேலியக் கால்பந்துக்குப் போய் ஜீலாங் அணியுடன் 2022-இல் அங்கே பட்டம் வென்றார். கிளிஃபர்டையும் ஆஸ்திரேலிய கிளப்புகள் தேடின, அவர் போகவில்லை. ஐந்து ஆண்டுகளிலும் வென்ற மற்றவர்களில் பலர் தங்கள் ஊர்க் கிளப்போடு நின்றுவிட்டார்கள்.

கவுண்டிகளைப் பார்த்தால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. 24 புள்ளி வித்தியாசத்தில் நொறுங்கிய டெர்ரி, 2020-க்கான மைனர் கோப்பையை வென்றது. கோவிட் காரணமாக 2021 ஜூலையில் டல்லமோரில் நடந்த அந்த இறுதியில் 2-12-க்கு 1-14 என்று ஒரே புள்ளியில் அது வீழ்த்தியது கெர்ரியைத்தான். 2023, 2024 ஆண்டுகளிலும் டெர்ரியே வென்றது. 2018-க்குப் பிறகு 2025 வரை கெர்ரிக்கு ஒரு மைனர் கோப்பைகூட இல்லை. அதே காலத்தில் 2022, 2025 என்று இரண்டு சீனியர் பட்டங்கள். டெர்ரி சீனியர்களோ 2022, 2023-இல் அல்ஸ்டரை வென்றார்கள் என்றாலும், அகில அயர்லாந்துப் பட்டம் அவர்களுக்கு 1993-இல் கிடைத்த ஒன்றுதான்.